இருபது பேரின் ஆராதனை: காஞ்சிபுரத்துச் சிறு சபைகள், அன்றும் இன்றும்

காஞ்சிபுரத்தில் வழிபாடு என்றதும் கண்முன் வருவது பெருங்கூட்டம். வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் கருடன்மேல் எழுந்தருளும் விடியலில் சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது. 2019இல் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தபோது ஊர் லட்சக்கணக்கான மக்களைத் தாங்கியது. இதே ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஞாயிறுதோறும் இருபது பேரோ முப்பது பேரோ மட்டும் கூடி நடத்தும் கிறிஸ்தவ ஆராதனைகளும் உண்டு. ஒரே அறை, ஒரு மேசை, ஒரு சிலுவை. முன்வரிசையில் பாய் விரித்துப் பிள்ளைகள், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியவர்கள்.

“சின்ன சபைதானே” என்ற சொல்லோடுதான் இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. எண்ணிக்கையில் சிறிய சபைக்குப் பெரிய சபையால் எட்ட முடியாத ஒரு பலம் இருக்கிறது: வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆராதனையில் ஒரு பங்கு கொடுக்க முடியும். அன்று வசதி இல்லாததாலேயே அந்தப் பங்கு தானாக அமைந்தது. இன்று வசதிகள் வந்துவிட்டன. ஆகவே அதை யோசித்து, திட்டமிட்டு அமைக்க வேண்டியிருக்கிறது.

எப்படி உருவான சபைகள்?

ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் சென்னையில் பள்ளி தொடங்கியது 1837இல். இரண்டே ஆண்டுகளில், 1839இல், காஞ்சிபுரத்தில் அதன் கிளை வந்தது. இன்றும் ஊரில் ஆண்டர்சன் பெயரில் பள்ளி நடக்கிறது. சென்னையில் அவர் வைத்த விதை பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆங்கிலக் கல்வியின் வழியாக மேல்சாதி இளைஞர்களைச் சென்றடைவதே அன்றைய ஸ்காட்லாந்து மிஷனின் நோக்கம். அப்படிச் சபைக்குள் வந்தவர்கள் மிகச் சிலர்.

கிராமச் சபைகள் வேறு வழியில் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலமில்லாத, தீண்டாமைக்கு ஆளான கூலி மக்கள் கூட்டம்கூட்டமாகத் திருச்சபையைத் தேடி வந்தார்கள். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்கள் அவர்களுடைய நில உரிமைக்காக அரசிடம் வாதாடினார்கள். மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் அந்த மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், 1892இல் வந்த அரசாணையும், அவர்களுக்கு நிலம் ஒதுக்கும், நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்லும் ஏற்பாட்டுக்கு அடித்தளம். காஞ்சிபுரம் வட்டாரத்துச் சிறு சபைகள் பலவற்றின் வேர் இந்தக் காலத்தில் இருக்கிறது. ஊருக்கு வெளியே, ஏரிக்கரை ஓரத்தில், பத்துப் பதினைந்து குடும்பங்களாக அவை தொடங்கின. இரயில் நிலையத்தருகே செங்கல் வளைவுகளும் தூண்களுமாக, ஸ்காட்லாந்துப் பாணியில் 1921இல் எழுந்த கிறிஸ்து ஆலயம் ஊருக்குள் பெரிய கோயில். அதைச் சுற்றி எழுந்தவையோ கூரைவீட்டுக் கோயில்கள்.

நேரம்: விளக்கு வைத்த பின், ஷிப்ட் முடிந்த பின்

அன்று கிராமத்தில் ஆராதனை நேரத்தை வயல் வேலைதான் முடிவு செய்தது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று பொழுது சாயும்வரை பண்ணை வேலை. குளித்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகுதான் கூட முடியும். பகலில் பள்ளிக்கூடமாக இருந்த கொட்டகையே இரவில் கோயில். அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தால் பாட்டு, பாடம், ஜெபம். அசதியில் தலை சாய்வதும் உண்டு. ஆனாலும் அது தினசரி ஜெபம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கியது அல்ல.

இன்று அந்த வயல்களின் குறுக்கே கம்பெனிப் பேருந்துகள் ஓடுகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள் சுற்று வட்டாரக் கிராமங்களின் காலக்கணக்கையே மாற்றிவிட்டன. மகன் இரவு ஷிப்ட், மருமகள் காலை ஷிப்ட், மகள் சென்னையில் விடுதியில். ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனைக்கு வருபவர்கள் வயதானவர்களும் சிறு பிள்ளைகளும்தான் என்று சபைகள் கவலைப்படுகின்றன.

கவலைப்படுவதைவிட நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். எட்டரை மணி என்பது வேதத்தில் எழுதிய நேரம் இல்லை. நம் முன்னோர் பண்ணை வேலைக்கு ஏற்ப இரவில் கூடியது போல, ஷிப்ட் வேலைக்கு ஏற்ப மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஆராதனை வைத்துப் பார்க்கலாம். யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் திட்டமிடுதலின் முதல் வேலை. இருபது குடும்பம் உள்ள சபையில் அதற்கு ஒரு தாள் போதும்.

நடத்துபவர்: உபதேசியார் முதல் ஆயர் வரை

அன்றைய கிராமச் சபையின் அச்சாணி உபதேசியார். பகலில் வாத்தியார், இரவில் உபதேசியார். காய்ச்சல் வந்தால் மருந்து கொடுப்பவர், கடிதம் வந்தால் படித்துச் சொல்பவர், நில வழக்கு என்றால் மனு எழுதுபவர். வெள்ளைக்கார மிஷனரி எப்போதோ ஒருமுறை மாட்டுவண்டியிலோ சைக்கிளிலோ வருவார். ஞானஸ்நானமும் திருவிருந்தும் அன்றுதான்.

இந்த ஏற்பாட்டின் பலத்தையும் பலவீனத்தையும் கூர்ந்து பார்த்தவர் ஒருவர் காஞ்சிபுரத்திலேயே வாழ்ந்தார். லெஸ்லி நியூபிகின் 1936இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர். 1939 முதல் 1946 வரை காஞ்சிபுரத்தில் பணியாற்றினார். தமிழை ஆழமாகக் கற்றார். ஊரிலிருந்த இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு வாரம் உபநிடதம், மறு வாரம் யோவான் நற்செய்தி என்று மாறிமாறிப் படித்தார். சுற்றுக் கிராமங்களுக்குப் போய்ச் சிறு சபைகளோடு பழகினார். 1947இல் தமது 37ஆம் வயதில் மதுரை இராமநாதபுரம் பேராயரானார். பிறகு 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். உலகத் திருச்சபைச் சிந்தனையாளர்களில் ஒருவராக அவரை இன்று கல்லூரிகளில் படிக்கிறார்கள். அந்தச் சிந்தனைக்கு உரம் போட்ட இடங்களில் காஞ்சிபுரத்துக் கிராமங்களும் உண்டு.

நியூபிகின் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு கருத்து சிறு சபைகளுக்கு மிக முக்கியமானது. ஒரு கிராமத்துச் சபை வெளியிலிருந்து சம்பளம் வாங்கி வரும் ஊழியரை எப்போதும் எதிர்பார்த்திருக்கக் கூடாது. அந்தக் கிராமத்திலேயே, அந்த மக்களிலேயே, மற்றவர்கள் இயல்பாக மதிக்கும் ஒருவர் எழும்ப வேண்டும். திருச்சபை அவரைப் பயிற்றுவித்து நம்ப வேண்டும். ரோலண்ட் ஆலன் 1912இல் எழுதிய மிஷனரி முறைகள் பற்றிய புத்தகத்தில் இதே வாதத்தை வைத்தார். அதன் 1962ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் நியூபிகின்தான்.

இன்று உபதேசியார் காலம் போய்விட்டது. மிஷன் பள்ளிக்கூடக் கொட்டகை இருந்த இடத்தில் கான்கிரீட் கட்டடம். ஒரு குருசேகரத்தில் பல ஊர்க் கோயில்கள், அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஆயர். ஞாயிறு காலையில் அவர் இருசக்கர வாகனத்தில் ஒரு கோயில் முடித்து அடுத்த கோயிலுக்குப் பறக்கிறார். மாதத்தில் அவர் வரும் ஒரு ஞாயிறு பெரிய ஆராதனை. வராத ஞாயிறு “யாராவது ஜெபம் பண்ணி முடிச்சிடுங்க” என்ற நிலை. இந்தப் பேச்சு எனக்கு வலிக்கிறது. ஆயர் வராத மூன்று ஞாயிறுகளும் கடவுளுடைய ஞாயிறுகளே. அந்த மூன்றுக்கும் யார் நடத்துவது, யார் வாசிப்பது, யார் பேசுவது என்பதை மாத ஆரம்பத்திலேயே ஆயரும் சபையாரும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்தால், அந்த ஞாயிறுகளே சபையின் பயிற்சிக்களம் ஆகிவிடும்.

இதில் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய கொடை ஒன்று உண்டு. அன்று பாய்விரிப்பின் ஒரு பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்த பெண்கள் இன்று படித்தவர்கள். இந்தச் சபைகள் இன்று சேர்ந்திருக்கும் தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதல் பெண் ஆயருக்கு அருட்பொழிவு செய்தது. 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராகப் பொறுப்பேற்றார். பேராயர் இருக்கையில் ஒரு பெண் அமர முடியும் என்றால் கிராமக் கோயிலின் ஞாயிறு ஆராதனையை ஒரு அக்காவோ அத்தையோ நடத்த ஏன் தயங்க வேண்டும்? வீட்டு ஜெபத்தை இத்தனை காலமும் நடத்தி வருபவர்கள் அவர்கள்தானே.

பாட்டு: மனப்பாடத்திலிருந்து திரைக்கு

எழுதப் படிக்கத் தெரியாத சபை அன்று எப்படி ஆராதித்தது? மனப்பாடத்தால். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம், சங்கீதங்கள், உவமைக் கதைகள் எல்லாம் உபதேசியார் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்லி உள்ளத்தில் ஏற்றியவை. இது காஞ்சிபுரத்துக்கு அந்நியமான முறை அல்ல. வரதர் புறப்பாட்டில் முன்னே செல்லும் கோஷ்டி திவ்யப் பிரபந்தத்தைப் புத்தகம் பார்க்காமல் சேர்ந்து சொல்லிப் போவதை இந்த ஊர் நூற்றாண்டுகளாகக் கேட்டு வருகிறது. வாய்மொழியாக வழிபடுவது இந்த மண்ணின் வழக்கம்.

பாட்டும் அப்படியே. தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் காலத்திலிருந்து ஜெர்மானியப் பாட்டுகளின் தமிழாக்கங்கள் பாமாலைகளாக வந்தன. அவற்றோடு தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகள் ராகம், தாளம், பல்லவி, சரணம் என்று நம் இசைமரபில் வந்தன. அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகு அவை தமிழ்ச் சபைகள் எங்கும் பரவின. காஞ்சிபுரம் முத்துசுவாமி தீட்சிதர் தங்கிப் பாடிய ஊர். நயினாப் பிள்ளை (1889–1934) லயத்தை ஆண்ட ஊர். இங்கே கீர்த்தனை எடுபட்டதில் வியப்பில்லை. பல்லவியை ஒருவர் எடுத்துக் கொடுக்க, சபை வாங்கிப் பாடும். எழுத்தறியாத பாட்டிக்கும் அதில் இடம் இருந்தது.

பிறகு இன்னொரு ஓடையும் சேர்ந்தது. மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, மக்கள் அன்போடு ‘பரட்டை’ என்று அழைத்தவர், நாட்டுப்புற மெட்டுகளிலும் பறையிலும் முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். 2005இல் மறைந்த அவருடைய அடிப்படைக் கருத்து எளியது: உழைக்கும் மக்களின் பாட்டை ஆலயத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு அவர்களை மட்டும் உள்ளே அழைத்தால் அது பாதி அழைப்புத்தான்.

இன்று? கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானாக ஓடுகிறது. பாட்டு வரிகள் சுவரில் திரையாக விழுகின்றன. புத்தகம் வேண்டாம், மனப்பாடம் வேண்டாம். யூடியூப்பில் நேற்று வெளியான பாட்டு இன்று சபைக்கு வந்துவிடுகிறது. தந்தை பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்டப் பாடல்கள் சபைப் பிரிவுகளைத் தாண்டி எல்லா வீடுகளிலும் ஒலிக்கின்றன. இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய மாற்றம் அல்ல. இளைஞர்கள் கோயிலுக்குள் இருக்கிறார்கள் என்றால் அதில் கீபோர்டுக்கும் பங்கு உண்டு.

இழப்பும் இருக்கிறது. பாட்டை ஒலிபெருக்கி பாடிவிடுகிறது, சபை கேட்கிறது. இருபது பேர் உள்ள அறையில் ஒலிபெருக்கியின் சத்தம் இருபது குரலையும் விழுங்கிவிடுகிறது. மின்சாரம் போன ஞாயிறுகளில்தான் சபை எத்தனை அழகாகப் பாடுகிறது என்பது நமக்கே தெரிகிறது. ஆகவே ஒவ்வொரு ஆராதனையிலும் ஒரு பாட்டையாவது கருவியும் ஒலிபெருக்கியும் இல்லாமல் கைத்தாளத்தோடு பாடுவது என்று சபை முடிவெடுக்கலாம். மாதம் ஒரு கீர்த்தனையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும். ஞாயிறு பள்ளியில் அதைக் கற்றுக்கொடுக்கத் தகுந்தவர் அந்த எண்பது வயதுப் பாட்டி.

பந்தி: தொடுதலின் கதை

அன்றைய நாட்களைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சாதி கோயிலுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டைத் திருச்சபைக்குள் அறவே விட்டொழிக்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நாம் இன்றும் போற்றிப் பாடும் வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்தவர்களின் பக்கம் நின்றார். தனித்தனி இருக்கை, ஒரே கிண்ணத்தில் குடிக்கத் தயக்கம் என்று நீண்ட கதை அது. அதை மறைத்துவிட்டு வழிபாட்டைப் பற்றிப் பேசுவது நேர்மை ஆகாது.

இந்தப் பின்னணியில் 1947 செப்டம்பர் 27 முக்கியமான நாள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஸ்காட்லாந்து மரபில் வந்த காஞ்சிபுரத்துச் சபைகளுக்கு இது வழிபாட்டிலும் மாற்றம். அதுவரை அவர்களுக்கு நீண்ட பிரசங்கமும் ஆயர் சொந்தச் சொற்களில் செய்யும் ஜெபமும்தான் பழக்கம். திருவிருந்து ஆண்டில் சில முறை. 1950இல் புதிய திருச்சபை தனக்கென்று ஒரு திருவிருந்து முறையை வெளியிட்டது. 1963இல் முழுமையான பொது வழிபாட்டுப் புத்தகம் வந்தது.

அந்த 1950 முறையை உலகமே கவனித்தது. ஆயர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நின்றார். சபையாருக்கு நிறைய மறுமொழிகள் கிடைத்தன. கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து சமாதான வாழ்த்தும் வந்து சேர்ந்தது. கொடுப்பவர் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் மற்றவரின் கையைப் பொத்திக்கொள்வார்கள். ஆயரிடமிருந்து தொடங்கி, வரிசை வரிசையாக அது கடைசி ஆள்வரை போய்ச் சேரும்.

யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது என்று ஒவ்வொரு தெருவும் சட்டம் வைத்திருந்த நாட்டில், கையைக் கையால் பொத்தும் இந்தச் செயல் ஒரு பிரசங்கம். இன்று அவசரத்தில் அது தூரத்திலிருந்தே ஒரு கும்பிடாகச் சுருங்கிவிட்டது. ஆயிரம் பேர் உள்ள நகரக் கோயிலில் எல்லோரும் எல்லோருடைய கையையும் தொட முடியாது. இருபது பேர் உள்ள சபையில் முடியும். ஐந்து நிமிடம் போதும். சண்டையில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டி வரும். அந்த ஐந்து நிமிடத்தை நேரம் இல்லை என்று வெட்டிவிட்டு அறிவிப்புகளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுப்பது சரியான கணக்கு ஆகாது.

அப்பாவு ‘ஒரே உலை’ என்று வலியுறுத்தியதும் இதைத்தான். ஒரே பானையில் சமைத்து எல்லோரும் சேர்ந்து உண்பது திருவிருந்தின் தொடர்ச்சி. ஆயர் வரும் திருவிருந்து ஞாயிறில் ஆராதனை முடிந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவதை ஒரு சிறு சபை எளிதாக நடத்த முடியும். காஞ்சிபுரத்தில் அதற்கு இட்லியோ சாம்பார் சாதமோ போதும்.

வேண்டுதல்: மழை கேட்பவரும் வெயில் கேட்பவரும்

சிறு சபையின் உண்மையான செல்வம் அதன் மன்றாட்டில் இருக்கிறது. பெரிய கோயிலில் “நோயாளிகளுக்காக” என்று பொதுவாக ஜெபிப்பார்கள். இங்கே நோயாளியின் பெயர் எல்லோருக்கும் தெரியும்; அவர் எந்த மருத்துவமனையில் எந்த வார்டில் இருக்கிறார் என்பதும் தெரியும்.

காஞ்சிபுரத்துக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்ப வேண்டும் என்று விவசாயக் கூலிக் குடும்பம் மழைக்கு ஜெபிக்கும். அதே மழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஏறும். தெருவில் பாவு போட முடியாது. நெசவாளி வீட்டில் கூலி நின்றுபோகும். ஒரே பாயில் அமர்ந்திருக்கும் இரண்டு குடும்பங்கள் எதிரெதிர் தேவையோடு கடவுள் முன் நிற்கின்றன. இதை வாய்விட்டுச் சொல்லி ஜெபிக்கும் சபைக்கு, தன் தேவைக்கும் அண்டை வீட்டாரின் தேவைக்கும் இடையில் நின்று ஜெபிப்பது என்றால் என்ன என்று புரிந்துவிடும். அச்சிட்ட எந்த மன்றாட்டுத் தாளிலும் இது இருக்காது. ஊரை அறிந்தவர்கள்தான் எழுத முடியும்.

கத்தோலிக்கச் சபையில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகு திருப்பலி தாய்மொழிக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாகத் தமிழகப் பங்குகளில் ‘அன்பியம்’ என்ற சிறு குழுக்கள் வளர்ந்தன. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சில ஒரு வீட்டில் கூடி, வேதப் பகுதியை வாசித்து, தங்கள் வாழ்வோடு சேர்த்துப் பேசி, பெயர் சொல்லி மன்றாடுவார்கள். 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்துக்குள் இருக்கும் காஞ்சிபுரத்திலும் அது தெரிந்த சொல். பெரிய பங்கு தன்னைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தேடிப் பெறும் நெருக்கம், சிறு சபைக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது.

எப்படித் திட்டமிடுவது?

கோர்வைப் புடவையை ஒரு நெசவாளி தனியே நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், மூன்று நாடா. எதிர்ப்பக்கத்து நாடாவை எறியப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். ஆராதனையும் ஆயர் ஒருவர் நெய்து சபையாருக்குக் காட்டும் துணி அல்ல. சிறு சபைக்கு நான் பரிந்துரைப்பது இதுதான்.

வாரத்தின் நடுவில் ஒரு மாலை, நான்கு பேர் ஒரு மணி நேரம் கூடட்டும். நால்வரில் ஒருவர் இளைஞர், ஒருவர் பெண், ஒருவர் முதியவர், ஒருவர் அன்று நடத்தப்போகிறவர். திருச்சபை அட்டவணையில் உள்ள அந்த ஞாயிறின் வேத பாடங்களை முதலில் சத்தமாக வாசிக்கட்டும். அதிலிருந்து ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். மூன்று கருத்து வைத்தால் எதுவும் வீட்டுக்குப் போகாது.

பிறகு பாட்டு. மூன்று போதும்: முதியவர்கள் அறிந்த ஒரு கீர்த்தனை அல்லது பாமாலை, இளைஞர்கள் விரும்பும் ஒன்று, எல்லோரும் சேர்ந்து கற்கும் ஒன்று. மூன்றும் அந்த ஒரே கருத்தோடு பொருந்த வேண்டும்.

வாசிப்பவர்களுக்கு அன்றே பகுதியைக் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை கோயில் வாசலில் கையில் வேதத்தைத் திணித்தால் அவர் தட்டுத்தடுமாறித்தான் வாசிப்பார். சபைக்கு வசனம் போய்ச் சேராது. வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பழகிய பன்னிரண்டு வயதுப் பெண் வாசிக்கும்போது சபை நிமிர்ந்து உட்காரும்.

மன்றாட்டுக்கு அந்த வாரத்து ஊர்ச் செய்தியை எழுதுங்கள்: தேர்வு எழுதும் பிள்ளை, வேலை போனவர், பிரசவத்துக்குக் காத்திருப்பவர், பக்கத்துத் தெருவில் துக்கம் நடந்த இந்துக் குடும்பம். மூவர் பிரித்துச் சொல்லட்டும். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் பின் சபை சொல்ல ஒரு மறுமொழி இருக்கட்டும். நடுவில் ஒரு நிமிட மௌனம் இருக்கட்டும்.

பிரசங்கம் பதினைந்து நிமிடம் போதும். பேசி முடித்ததும் “உங்களுக்கு என்ன தோன்றியது?” என்று கேட்க இந்த அறையில் முடியும். இரண்டு பேர் பதில் சொன்னாலே போதும், பிரசங்கம் சபையின் சொத்தாகிவிடும்.

ஆராதனை முடிந்த பிறகு ஷிப்ட்டில் இருந்தவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அந்தக் கருத்தையும் வேதப் பகுதியையும் மன்றாட்டுப் பெயர்களையும் அனுப்புங்கள். 2020இல் கோயில்கள் மூடிக் கிடந்தபோது நாம் கற்ற பழக்கம் அது. அவர்கள் கம்பெனிப் பேருந்தில் உட்கார்ந்து அந்தப் பெயர்களுக்காக ஜெபித்தால் அவர்களும் அந்த ஆராதனையில் பங்கு பெற்றவர்களே.

இதில் எதற்கும் பணம் தேவையில்லை. வேண்டியது நேரமும், ஒருவரை ஒருவர் நம்புவதும்தான். அன்றைய சபைக்கு எழுத்து இல்லை, விளக்கு மங்கல், திருவிருந்து அரிது, பெண்ணுக்குக் குரல் இல்லை. ஆனால் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஆராதனை மனப்பாடமாக இருந்தது. இன்று எழுத்து இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பெண்கள் மேசையருகே நிற்க முடிகிறது. ஆனால் ஆராதனையைக் கருவியிடமும் ஆயரிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் பார்வையாளர்களாகிக்கொண்டிருக்கிறோம். இன்றைக்குக் கிடைத்த உரிமைகளையும் அன்றைக்கு இருந்த பங்கேற்பையும் ஒன்றாக வைத்துக்கொள்ளப் பெரிய கோயில் வேண்டாம். அடுத்த புதன்கிழமை மாலை நான்கு பேர் கூடட்டும்; வரும் ஞாயிறின் ஒவ்வொரு பங்குக்கும் எதிரே ஒரு பெயரை எழுதட்டும். அந்தத் தாளில் இதுவரை எழுதப்படாத ஒரு பெயராவது இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.